மருத்துவமனையிலிருந்து திரும்பும் மாணவர்: அடுத்த 18 மாதங்கள்

உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட ஒரு மாணவர் பிழைத்துவிட்டார் என்ற செய்தி வந்ததும் ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் போன உயிர் திரும்பி வருகிறது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்காமல் இருப்பதுதான் அவருக்கு நல்லது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். மருத்துவம் சொல்வது வேறு. வீடு திரும்பிய பிறகு வரும் வாரங்களும் மாதங்களும்தான் மிகுந்த கவனம் தேவைப்படும் காலம். அந்தக் காலத்தில் மருத்துவரை அவர் மாதம் ஒரு முறையோ இரு முறையோ பார்ப்பார். நம்மை வாரத்தில் ஐந்து நாள் பார்க்கிறார். எனவே இந்தப் பொருளில் சில அடிப்படைச் செய்திகளை ஆசிரியர்கள் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தனர். அவர்களில் 13,044 பேர் மாணவர்கள். முயன்று பிழைப்பவர்களின் எண்ணிக்கை இதைவிடப் பல மடங்கு அதிகம். ஒரு முறை முயன்றவர் மீண்டும் முயல்வதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பதால், பிழைத்தவர்களைக் கவனிப்பதே தடுப்புப் பணியின் முதல் படி.

மருத்துவமனையில் என்ன நடக்கிறது?

முதலில் உயிரைக் காக்கும் சிகிச்சை. உடல்நிலை சீரானதும் மனநல மருத்துவர் வந்து பார்ப்பார். என்ன நடந்தது, இப்போதும் அந்த எண்ணம் இருக்கிறதா, தூக்கம், பசி எப்படி, வீட்டில் யார் துணை என்று நேரடியாகக் கேட்பார். கடும் மனச்சோர்வு இருப்பதாகத் தெரிந்தால் நோயாளியைத் தனியாக விடமாட்டார்கள். ஆபத்தான பொருள்கள் அருகில் இல்லாதபடி பார்த்துக்கொள்வார்கள். குளிப்பது, சாப்பிடுவது போன்ற அன்றாடச் செயல்களைக்கூடச் செய்ய மனம் வராத நிலையில் இருப்பவரைச் செவிலியர் மெதுவாகப் பழைய ஒழுங்குக்குக் கொண்டுவருவார். 'எழுந்து உட்காரு, எல்லாம் சரியாகிவிடும்' என்று அதட்டுவது அங்கே சிகிச்சை ஆகாது. அருகில் உட்கார்ந்திருப்பதும், அவர் பேசும்போது குறுக்கிடாமல் கேட்பதும் சிகிச்சையின் பகுதி.

மனச்சோர்வு என்பது சோம்பலோ பிடிவாதமோ இல்லை. தொடர்ந்து இரண்டு வாரங்களுக்கு மேல் பெரும்பாலான நேரம் துயரமாக இருப்பது, எதிலும் நாட்டமில்லாமல் போவது, தூக்கமும் பசியும் மாறுவது, கவனம் சிதறுவது, 'என்னால் எல்லோருக்கும் பாரம்' என்ற எண்ணம் வருவது ஆகியவை அதன் அறிகுறிகள். வளரிளம் பருவத்தினரிடம் துயரத்துக்குப் பதிலாக எரிச்சலும் கோபமும் முன்னால் நிற்கும். வகுப்பில் நாம் 'எதிர்த்துப் பேசுகிறான்' என்று குறித்து வைப்பதில் சில வேளை நோய் இருக்கும்.

மாத்திரைகளைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். மனச்சோர்வுக்கான மருந்துகளின் பலன் தெரியப் பொதுவாக 2 முதல் 4 வாரங்கள் ஆகும். சிலருக்கு இன்னும் கூடுதலாகும். இளம் வயதினருக்கு மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் கூடுதல் கண்காணிப்பு வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வார்கள். முகம் தெளிந்ததும் மாத்திரையை நிறுத்திவிடும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. தேறிய பிறகும் பல மாதங்கள் தொடர வேண்டிய மருந்து அது. இவை பழக்க அடிமையாக்கும் மருந்துகள் இல்லை. நிறுத்துவதாக இருந்தாலும் மருத்துவர் சொல்லும்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

'ஷாக் கொடுத்துவிடுவார்கள்' என்ற அச்சம் பல பெற்றோருக்கு உண்டு. சினிமா தந்த பயம் அது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன்படி மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் தராமல் மின் அதிர்வு சிகிச்சை அளிப்பது தடை செய்யப்பட்டுள்ளது. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அந்தச் சிகிச்சை பொதுவாகவே கூடாது. தவிர்க்க முடியாதென்று மருத்துவர் கருதினால் பாதுகாவலரின் ஒப்புதலும் மனநல வாரியத்தின் முன் அனுமதியும் வேண்டும்.

'கேஸ் ஆகிவிடுமா?'

சிகிச்சையைப் பாதியில் விடவைக்கும் இன்னொரு பயம் இது. இப்படிச் சேர்க்கப்படுபவர்களைப் பற்றி மருத்துவமனை காவல் நிலையத்துக்குத் தகவல் தருவது நடைமுறை. காவலர் ஒருவர் வார்டுக்கு வந்து விசாரித்ததும், எழுதிக் கொடுத்துவிட்டுப் பிள்ளையை வீட்டுக்கு அழைத்துப் போகும் குடும்பங்கள் உண்டு. எங்கள் பகுதியிலும் அப்படி நடந்திருக்கிறது. மனநல மருத்துவர் பார்க்க வேண்டிய நேரத்தில் அந்தப் பிள்ளை பேருந்தில் இருக்கும்.

சட்டம் மாறிவிட்டது என்பதை நாம்தான் பெற்றோரிடம் சொல்ல வேண்டும். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும் என்கிறது. அவரை விசாரித்துத் தண்டிக்கக் கூடாது, அவருக்குக் கவனிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் தந்து மீண்டும் அத்தகைய நிலை வராமல் பார்த்துக்கொள்வது அரசின் கடமை என்றும் சொல்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இந்த முயற்சியைக் குற்றமாக்கிய 309ஆம் பிரிவுக்கு இணையான பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. 'பிள்ளை மேல் வழக்கு வராதுங்க, டாக்டர் விடும் வரை இருங்க' என்று ஆசிரியர் சொல்லும் ஒரு சொல், தெரிந்தவர் சொல் என்பதால், அந்தக் குடும்பத்தை மருத்துவமனையிலேயே இருக்க வைக்கும்.

சென்னையிலும் நடந்த ஓர் ஆய்வு

வீடு திரும்பிய பிறகு என்ன செய்தால் பலன் இருக்கும்? இதற்கு விடை தரும் ஆய்வு ஒன்றில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு. உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் இதை நடத்தியது. சென்னை, கொழும்பு, பிரேசிலின் கம்பினாஸ், ஈரானின் கராஜ், சீனாவின் யுன்செங் ஆகியவை ஆய்வு நடந்த இடங்கள். சென்னையில் இதை முன்னின்று நடத்தியவர் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார். தற்கொலைத் தடுப்புக்காக 1986இல் சென்னையில் 'சினேகா' அமைப்பைத் தொடங்கியவர் அவர்.

முயன்று பிழைத்து மருத்துவமனைக்கு வந்த 1,867 பேர் இரண்டு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மற்றக் குழுவுக்கு அதனுடன் இரண்டு கூடுதல் உதவிகள் கிடைத்தன. முதலாவது, வீடு திரும்பும் நேரத்தில் ஒரு மணி நேரத் தனி உரையாடல். இந்த நிலை ஏன் வருகிறது, மீண்டும் அந்த எண்ணம் வந்தால் வேறு என்ன செய்யலாம், யாரிடம் போகலாம் என்று விளக்கினார்கள். இரண்டாவது, 18 மாதங்களில் 9 தொடர்புகள். தொலைபேசியிலோ நேரிலோ நலம் விசாரித்து, உதவி தேவைப்பட்டால் வழிகாட்டினார்கள். அந்த 9 தொடர்புகளும் 1, 2, 4, 7, 11ஆம் வாரங்களிலும் 4, 6, 12, 18ஆம் மாதங்களிலும் அமைந்தன.

2008இல் வெளியான முடிவு இது: 18 மாத இறுதியில் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 விழுக்காட்டினர் தற்கொலையால் இறந்திருந்தனர். தொடர்பில் இருந்த குழுவில் அது 0.2 விழுக்காடு. புதிய மருந்தோ விலை உயர்ந்த கருவியோ இதில் இல்லை. திட்டமிட்டு, விடாமல், 'எப்படி இருக்கிறீர்கள்?' என்று கேட்டதுதான் வேறுபாடு.

இதற்கும் முன்னால் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் ஜெரோம் மாட்டோ என்ற மனநல மருத்துவர் இன்னும் எளிய முறை ஒன்றைச் சோதித்தார். மருத்துவமனையிலிருந்து சென்ற பிறகு தொடர் சிகிச்சைக்கு வராத 843 பேரில் ஒரு பாதியினருக்கு ஐந்து ஆண்டுகள் வரை அவ்வப்போது சிறு கடிதங்கள் அனுப்பப்பட்டன. நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறோம், எழுத விரும்பினால் எழுதுங்கள் என்ற அளவுக்குச் சில வரிகள். அறிவுரை, கேள்வி எதுவும் இல்லை. முதல் இரண்டு ஆண்டுகளில் கடிதம் பெற்றவர்களிடையே தற்கொலை இறப்பு குறைவாக இருந்தது.

ஆசிரியர் மருத்துவர் இல்லை, சிகிச்சை அளிப்பதும் நம் வேலை இல்லை. ஆனால் தொடர்பில் இருப்பது நம்மால் முடியும். மருத்துவமனைப் பணியாளர் தேடிப் போய்ப் பார்க்க வேண்டியவர் நம் முன் பெஞ்சில் தானாக வந்து உட்கார்ந்திருக்கிறார்.

பள்ளிக்குத் திரும்பும் நாளுக்கு முன்பு

தலைமையாசிரியரும் வகுப்பாசிரியரும் பெற்றோருடன் தனியாகப் பேச வேண்டும். பேச வேண்டியவை நான்கு. முதலில், அடுத்து மருத்துவரைப் பார்க்க வேண்டிய தேதி. அன்று விடுப்பு கேட்டால் முகம் சுளிக்காமல் தர வேண்டும். இரண்டாவது, மருந்து யார் கையில் இருக்கிறது என்பது. அன்றாட மாத்திரையை வீட்டுப் பெரியவர் எடுத்துத் தர வேண்டும். மற்ற மாத்திரைகளையும் தோட்டத்துக்கு வாங்கிய மருந்துகளையும் பூட்டிச் சாவியைத் தம்மிடம் வைத்திருக்க வேண்டும். மூன்றாவது, பள்ளியில் யாருக்கெல்லாம் விஷயம் தெரியலாம் என்பது. இதை மாணவரிடமும் கேட்க வேண்டும். பொதுவாகத் தலைமையாசிரியர், வகுப்பாசிரியர், மாணவர் தாமே தேர்ந்தெடுக்கும் ஓர் ஆசிரியர் ஆகிய மூவர் போதும். நான்காவது, நண்பர்கள் 'ஏன் வரவில்லை?' என்று கேட்டால் என்ன சொல்வது என்பது. 'உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரியில் இருந்தேன்' என்பது உண்மைதான். அதற்கு மேல் சொல்ல அவருக்குக் கடமை இல்லை.

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசக் கூடாது. பெயர் சொல்லாமல் பேசினாலும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். நடந்த முறையைப் பற்றிய விவரங்கள் மாணவர்களிடையே பரவுவதும் ஆபத்து. ஏற்கெனவே மனம் தளர்ந்த இன்னொரு பிள்ளைக்கு அது வழிகாட்டியாகிவிடும்.

முதல் நாளில் பழைய இடத்திலேயே, பழைய தோழரின் பக்கத்திலேயே உட்கார வைக்கலாம். விடுபட்ட பாடம் மலைபோல் நிற்கும். எல்லா நோட்டையும் ஒரே வாரத்தில் எழுதி முடிக்கச் சொன்னால் பள்ளியே பாரமாகும். பாட ஆசிரியர்கள் கலந்து பேசி, எது அவசியம், எதை விட்டுவிடலாம் என்று ஒரே பட்டியலாகத் தரலாம். பொதுத்தேர்வு எழுதும் மாணவர் என்றால் துணைத்தேர்வு இருப்பதையும், ஒரு தேர்வு தவறினால் ஓராண்டு போய்விடாது என்பதையும் தேர்வுக்கு முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

எப்படிப் பேசுவது?

'பெற்றவர்களை நினைத்துப் பார்த்தாயா?', 'இதற்கெல்லாமா இப்படிச் செய்வார்கள்?', 'உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் இல்லையா?' இந்த மூன்றையும் அன்போடுதான் கேட்கிறோம். கேட்கும் பிள்ளைக்கோ ஏற்கெனவே உள்ள குற்றவுணர்வு இரட்டிப்பாகிறது.

'நீ வந்தது சந்தோஷம்மா' என்று தொடங்கலாம். 'ராத்திரி தூக்கம் வருதா? சாப்பிட முடியுதா?' என்று கேட்கலாம். இவை இரண்டும் எளிய கேள்விகள், ஆனால் மனச்சோர்வு கூடுகிறதா குறைகிறதா என்பதை இவற்றின் பதிலே பெரும்பாலும் காட்டிவிடும். அவர் பேசினால் தீர்வு சொல்ல அவசரப்பட வேண்டாம். பேசாவிட்டால், 'சரிப்பா, நான் வியாழக்கிழமை மறுபடியும் கேட்பேன்' என்று சொல்லிவிட்டு வியாழக்கிழமை கேட்க வேண்டும்.

சந்தேகம் வந்தால் நேரடியாகவே கேட்கலாம்: 'உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் இப்பவும் வருதா?' இப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆய்வுகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. யாரிடமும் சொல்ல முடியாமல் தவித்தவருக்கு அந்தக் கேள்வி ஒரு வாசல்.

ஒன்றை மட்டும் வாக்குத் தரக் கூடாது. 'யாரிடமும் சொல்லாதீங்க டீச்சர்' என்று கேட்டால், 'தேவையில்லாதவர்களிடம் சொல்லமாட்டேன். உன் உயிருக்கு ஆபத்து என்றால் உன்னைக் காப்பாற்றக்கூடியவர்களிடம் சொல்லுவேன்' என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

உடனே செயல்பட வேண்டிய அடையாளங்கள் சில உண்டு. தனக்குப் பிடித்த பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது, விடைபெறுவதுபோல் பேசுவது அல்லது எழுதுவது, மருந்தையோ மருத்துவரையோ மறுப்பது, கடும் துயரத்துக்குப் பிறகு காரணமில்லாமல் திடீர் அமைதி காட்டுவது. அப்போது அவரைத் தனியாக வீட்டுக்கு அனுப்பாமல், பெரியவர் ஒருவர் உடனிருக்க, பெற்றோரை அழைத்து, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல ஏற்பாடு செய்ய வேண்டும். அவசரமென்றால் 108.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு

உங்கள் வகுப்பில் இந்தப் பிரச்சினை வேறு உருவத்தில் வரும். மருத்துவமனையில் இருப்பவர் குழந்தையின் அம்மாவாகவோ அப்பாவாகவோ அக்காவாகவோ இருப்பார். 'வயிற்று வலி' என்று குழந்தையிடம் சொல்லியிருப்பார்கள். ஆனால் இரவு நடந்த கூச்சலும் ஆம்புலன்ஸும் குழந்தைக்குத் தெரியும். ஆறு, ஏழு வயதுக் குழந்தை தன் மீதே பழியைப் போட்டுக்கொள்ளும்: 'நான் சேட்டை செய்ததால்தான் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனாங்க.' 'அது உன்னால் இல்லடா கண்ணு. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, டாக்டர் பார்த்துக்கிறாங்க' என்று ஒரு முறைக்கு மூன்று முறை சொல்வது பெரிய உதவி. காலை உணவும் மதிய உணவும் அந்தக் குழந்தை சாப்பிடுகிறதா என்று பார்ப்பது அதைவிடப் பெரியது. வீட்டில் அடுப்பு எரியாத நாள்கள் அவை.

எல்லைப் பகுதியின் நிலை

பர்கூர் பக்கத்தில் பல பெற்றோர் சிப்காட் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை பார்க்கிறார்கள். கிரானைட், ஜவுளிக் கடை, மாந்தோப்பு வேலைக்குப் போகிறவர்களும், ஓசூரிலும் பெங்களூருவிலும் தங்கி வேலை செய்துவிட்டு வார இறுதியில் வருகிறவர்களும் உண்டு. பிள்ளை பாட்டி வீட்டில் வளரும். மருத்துவரைப் பார்க்கும் நாள் என்றால் ஒரு நாள் கூலி போகும். இரண்டாவது, மூன்றாவது முறை போகாமல் விடுவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

பெரிய ஆஸ்பத்திரி என்றதும் எங்கள் பக்கத்தில் பெங்களூரு நிம்ஹான்ஸ் நினைவுக்கு வரும். அது இருப்பதே பெங்களூருவின் ஓசூர் சாலையில்தான். கடும் நிலையில் அங்கே போவது சரி. தொடர் சிகிச்சையை, அங்குள்ள மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலேயே பெற முடியும் என்று பெற்றோருக்கு எடுத்துச் சொல்லலாம். மாவட்ட மனநலத் திட்டக் குழுவினரின் முகாம் நாள்களையும் விசாரித்து வைத்துக்கொள்ளலாம்.

மொழியும் இங்கே ஒரு காரணி. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேசும் பிள்ளைகள் நம் வகுப்புகளில் ஏராளம். பாடத்தைத் தமிழில் சொல்லிவிடும் பிள்ளை துயரத்தை வீட்டு மொழியில்தான் சொல்லும். பள்ளியில் அந்த மொழி பேசும் ஆசிரியர் யாரென்று பார்த்து அவரைத் தொடர்பு ஆசிரியராக வைப்பது நல்லது.

நாட்காட்டியில் ஒன்பது புள்ளிகள்

சென்னை ஆய்வின் கால அட்டவணையை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மாணவர் வீடு திரும்பிய தேதியிலிருந்து 1, 2, 4, 7, 11ஆம் வாரங்கள், 4, 6, 12, 18ஆம் மாதங்கள் என ஒன்பது தேதிகளைத் தொடர்பு ஆசிரியர் தம் நாட்குறிப்பில் பெயர் எழுதாமல் ஒரு புள்ளியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். அன்றாடம் பார்க்கும் மாணவர்தானே என்று விட்டுவிடக் கூடாது. பார்ப்பது வேறு, ஐந்து நிமிடம் தனியாக உட்கார்ந்து கேட்பது வேறு.

18 மாதங்களுக்குள் கட்டாயம் ஓர் ஆண்டுத் தேர்வு வரும், ஒரு கோடை விடுமுறை வரும், வகுப்பாசிரியர் மாறுவார். எட்டாம் வகுப்பு முடித்து உயர்நிலைப் பள்ளிக்கோ, பத்தாம் வகுப்பு முடித்து வேறு பள்ளிக்கோ அவர் போகலாம். தொடர்பு அறுந்துபோகும் இடம் இதுதான். மாற்றுச் சான்றிதழில் இதை எழுத முடியாது, எழுதவும் கூடாது. பெற்றோர், மாணவர் சம்மதத்துடன் புதிய பள்ளியின் ஓர் ஆசிரியரிடம் நேரில் பேசி ஒப்படைக்கலாம். கோடை விடுமுறையில் விழும் புள்ளிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

இந்தப் பொறுப்பை ஓர் ஆசிரியர் தனியாகச் சுமக்கவும் கூடாது. மாணவரின் துயரத்தைக் கேட்டுவிட்டு இரவு நமக்குத் தூக்கம் வராவிட்டால், கீழே உள்ள எண்களை நாமும் அழைக்கலாம். அவை ஆசிரியருக்கும் உரியவை.

14416: டெலி-மானஸ். 2022 அக்டோபரில் தொடங்கிய தேசியத் தொலைபேசி மனநல சேவை. 24 மணி நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் இயங்குகிறது.
104: தமிழ்நாடு அரசின் மருத்துவ ஆலோசனை எண்.
1098: குழந்தைகளுக்கான உதவி எண்.
14417: பள்ளிக் கல்வித் துறையின் வழிகாட்டி எண்.
044-24640050: சினேகா, சென்னை.

இந்த எண்களை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதோடு பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்புறத்திலும் ஆண்கள் கழிப்பறைக் கதவின் உட்புறத்திலும் ஒட்டுங்கள். யாரும் பார்க்காமல் எண்ணைக் குறித்துக்கொள்ளும் இடம் பள்ளியில் அது ஒன்றுதான். அடுத்த ஆசிரியர் கூட்டத்தில், நம் பள்ளியின் தொடர்பு ஆசிரியர் யார் என்பதையும் முடிவு செய்துவிடுங்கள். தேவை வந்த பிறகு தேடினால் முதல் வாரத்தின் புள்ளி தவறிப்போகும்.